ஏரிக்கரை வீட்டுக் கோதுமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர்களோடு சேர்ந்து விளையாட்டுக்குள் கட்டிய உங்கள் ஊரை நீ எனக்குச் சுற்றிக் காட்டினாயே, அது இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. இங்கே ராத்திரி எட்டு மணி, டொராண்டோவில் உனக்குக் காலை பத்தரை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து லேப்டாப்பில் மைன்கிராஃப்டை, அதுதான் பிளாக் பிளாக்காகச் சதுரக் கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை, போட்டு, நீங்கள் சேர்ந்து விளையாடுகிற சர்வருக்குள் என்னை விட்டுவிட்டுப் போனான். எதை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் குதிக்கும் என்று பிடிபடுவதற்குள் வாசலோர வயலில் குதித்து நாலைந்து பயிரை மிதித்துவிட்டேன். நீ பேசாமல் மண்ணைக் கொத்தித் திரும்ப விதைத்தாய். "நடந்தா ஒண்ணும் ஆகாதுப்பா, குதிச்சாத்தான் போயிடும்" என்றாய். அதற்குப் பிறகு வரப்பைப் பார்த்துத்தான் நடந்தேன்.

குடிநீர்ப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். எங்கே போனாலும் கண் முதலில் தண்ணீரைத்தான் தேடும். அந்த வயலில் ஒரு பிளாக் தண்ணீர் எல்லாப் பக்கமும் நான்கு பிளாக் தூரத்துக்கு மண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. ஒன்பதுக்கு ஒன்பது என்று பாத்தி கட்டினால் மொத்தம் 81. நடுவில் ஒன்று தண்ணீர், மிச்சம் 80-ம் வயல். நீ சொல்வதற்கு முன்பே எண்ணிவிட்டேன். சமதளத்தில் விட்ட தண்ணீர் ஏழு பிளாக் ஓடி நின்றுவிடுகிறது. அப்புறம் அந்தக் கிணறு. இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு வாளி ஊற்றினால் போதும், எத்தனை முறை மொண்டாலும் வற்றாது என்றாய். அந்த இடத்தில்தான் நான் பேசாமல் நின்றுவிட்டேன். சித்திரை வெயிலில் லாரிக்காகக் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் பதில் சொல்லிச் சொல்லியே வயசானவன் நான். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

அந்த உலகத்தில் யாருக்கும் தாகமே எடுக்காது என்று அப்புறம்தான் சொன்னாய். பிறகு எதற்குக் கிணறு, சுற்றிலும் கல் பாவின தரை, நாலு பக்கமும் படி என்று கேட்டேன். "நின்னு பேச ஒரு இடம் வேணும்லப்பா" என்றாய். சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஊரின் நடுவில் கிணறு இருக்கிற ஊர்களில் சனங்களுக்குள் பேச்சு இருக்கும். வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்த தெருக்களில் அது குறைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகக் குழாய் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தெருவிளக்கையும் கவனித்தேன். ஒரு பந்தத்துக்கு வெளிச்சம் 14, ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகப்போக ஒன்று குறையும், வெளிச்சம் சுத்தமாக இல்லாத இடத்தில்தான் பிசாசுகள் முளைக்கும் என்று விளக்கினாய். உங்கள் தெருவில் ஒரு மூலைகூட இருட்டாக இல்லை. சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து வெடிக்குமே, அந்தப் பச்சை க்ரீப்பர், அது பூனையைக் கண்டால் ஓடும் என்பதற்காகத் தெருவுக்கு இரண்டு பூனை வளர்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. பன்றி செய்யப் போய் உயரத்தையும் நீளத்தையும் மாற்றிப் போட்டதில் பிறந்த உருவமாமே அது!

இருட்டியதும் எல்லோரும் படுங்கள் என்று குரல் கொடுத்தாய். அங்கே ஒரு நாள் என்பது நமக்கு 20 நிமிஷம். ஆனால் உள்ளே இருக்கிற ஒருத்தர் முழித்திருந்தாலும் ராத்திரியைத் தாண்ட முடியாது, எல்லோரும் கட்டிலில் படுத்தால்தான் உடனே விடியும். சென்னையில் ஒருத்தி, சிங்கப்பூரில் ஒருத்தன், கனடாவில் நீ, இங்கே நான். நாலு பேரும் படுத்த பிறகு விடிந்தது. எனக்கென்று முன்னாலேயே ஒரு கட்டில் போட்டுவைத்திருந்தாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நூலகத்தில் இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 2009-இல் சுவீடனில் ஒரே ஆள் எழுதத் தொடங்கியதாம், 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியதாம். அது கிடக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி வேறு. 2012-இலிருந்து ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு இதை வைத்து ஊர்ப்பொது இடங்களைத் திட்டமிடுகிறது. கென்யாவின் நைரோபியில் கிபேரா என்கிற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே குடியிருக்கிறவர்களையே உட்காரவைத்து, மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டுக்குள் கட்டிக்காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவர்களும் சுவர் இங்கே வேண்டும், வழி அங்கே வேண்டும் என்று கட்டிக் காட்டலாம் இல்லையா. என் சர்வீஸில் நூற்றுக்கணக்கான தெருக்குழாய் போட்டிருக்கிறேன். எங்கே வைக்கலாம் என்று அந்தத் தெருப் பெண்களிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரைவிட்டு 600 பிளாக் தள்ளி ஏரிக்கரையில் ஒரு வீடு காட்டினாயே. உங்களோடு ஹாஸ்டலில் இருந்த பையன் கட்டியது, அவன் மூன்று வருஷமாக வருவதில்லை என்றாய். கூரை பாதியில் நின்றிருந்தது. வாசலில் பலகை, "மீதி நாளைக்கு" என்று அவன் எழுதியது. க்ரீப்பர் வெடித்து விழுந்த சுவரை நீங்கள் அதே கல்லால் எடுத்துக் கட்டியிருந்தீர்கள். கூரையை மட்டும் தொடவில்லை. அது அவன் முடிக்க வேண்டியது என்றாய்.

வீட்டுக்குப் பின்னால் கோதுமை பொன் நிறத்தில் விளைந்து நின்றது. யாரும் இல்லாத வீட்டில் எப்படி விளைகிறது என்று கேட்டேன். பக்கத்தில் யாராவது ஆள் இருந்தால்தான் இந்த விளையாட்டில் பயிர் வளரும், எல்லோரும் தள்ளிப் போய்விட்டால் அந்த இடம் அப்படியே உறைந்துவிடும் என்றாய். ஊரில் நீங்கள் நடமாடினால் அங்கே வளராது, அவ்வளவு தூரம். "அப்ப இது எப்படிம்மா?" என்றேன். கொஞ்சம் தயங்கினாய். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் விளையாட்டில் நடமாடுகிற உன் உருவத்தை அவன் வயலில் நிறுத்திவிட்டுப் போவாயாம். விளைந்ததை அறுத்து அவன் பெட்டியில்தான் போடுகிறாயாம். திறந்து காட்டினாய். பெட்டி நிறையக் கோதுமை. வராதவனுக்கு எதற்கு இவ்வளவு என்று என் வாயில் வந்துவிட்டது.

"வந்தா இருக்கணும்லப்பா" என்றாய்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போன தை மாசம் நீ வந்திருந்தபோது பத்து நாளும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தாய். உன் அறையில் படுக்க இடமில்லை. அரிசி மூட்டை, உடைந்த ஏர்கூலர், நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய நோட்டுகள், யாரோ கொடுத்த இரும்பு அலமாரி. நீ போன ஆறு மாசத்திலேயே ஒவ்வொன்றாக உள்ளே வைக்க ஆரம்பித்தது நான்தான். கதவைத் திறந்து பார்த்தாய், சாத்தினாய், பெட்டியை ஹாலுக்கு எடுத்து வந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்களும் செவ்வாயும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். இப்ப எதுக்கு, அவள் வர இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கே என்று அம்மா கேட்டாள். ஆனால் அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தவளும் அவள்தான். நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. சுவரில் நீ ஒட்டிய உலகப் படத்தை அப்படியே விட்டிருக்கிறேன், ஒரு மூலை மட்டும் பிய்ந்திருந்தது, ஒட்டிவிட்டேன். ஃபேன் மெதுவாகச் சுற்றியது, கண்டென்சர் மாற்றியாயிற்று. சாயங்காலம் விளக்குப் போட்டு, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே உன் முருங்கை காய்த்திருக்கிறது.

கட்டிலுக்குக் கொசுவலை கிழிந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டும். தொங்கவிடுகிற மாதிரியா, மடக்குகிற மாதிரியா, எது வேண்டும் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நான் ஏரிக்கரையில் நிற்கிறேன். நீ நிதானமாகச் சமைத்துவிட்டு வா.

அன்புடன்,
அப்பா