செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

அன்புள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாவட்ட ஊர்ப்பெயர்களுக்காகப் பைதான் மொழியில் எழுதிய திறமூல நிரல் தொகுப்பில் இந்த ஆண்டு சொல்லும்படியான புதிய வசதி எதுவும் வரவில்லை. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளையும் ஆவணம் உருவாக்கும் ஸ்கிரிப்டையும் செப்பனிட்டதோடு சரி. “வருஷம் முழுக்க இதுதானா?” என்று சிலர் கேட்டீர்கள். ஆமாம், இதுதான்.

கொல்லங்கோடு என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிற ஊர், தேடினால் இல்லை என்று வந்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், கொ, கோ ஒவ்வொன்றின் துணைக்குறியையும் ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆறெழுத்துச் சொல்தான், ஆனால் பைதான் அதன் நீளத்தை ஒரு வடிவத்தில் 11 என்றும் மற்றதில் 13 என்றும் சொல்லும். இரண்டும் ஒன்றல்ல என்றும் சாதிக்கும். உள்ளே வரும் பெயரையெல்லாம் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும் தீர்ந்தது. ஒரே வரித் திருத்தம். டெஸ்ட் எழுதியதில்தான் யோசனை தேவைப்பட்டது. பிரிந்த வடிவத்தை அப்படியே தட்டி வைத்தால், நாளை யாராவது அழித்துத் திரும்பத் தட்டும்போது சேர்ந்த வடிவமாகிவிடும். டெஸ்ட் சும்மா பாஸாகிக்கொண்டே இருக்கும். அதனால் அதைக் குறியீட்டு எண்களாகவே எழுதியிருக்கிறோம். கொட்டாரம், கோட்டாறு, தோவாளை, நாகர்கோவிலும் அதே டெஸ்டில் சேர்ந்துவிட்டன.

அடுத்து ஆவண ஸ்கிரிப்ட். லினக்ஸில் ஓடியது, உறுப்பினர் ஒருவரின் விண்டோஸ் மடிக்கணினியில் நின்றுவிட்டது. கோப்பைத் திறக்கும் இடத்தில் யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று குறிப்பிடாததால், அங்கே 1252 என்ற பழைய குறியாக்கத்தில் படிக்கப் போயிருக்கிறது. நம் மெய்யெழுத்துப் புள்ளி மூன்று பைட். அதில் கடைசி பைட்டுக்கு 1252இல் எழுத்தே கிடையாது. புள்ளி இல்லாத தமிழ்ப் பத்தி ஏது? இப்போது எல்லா இடத்திலும் குறிப்பிட்டாயிற்று.

ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளை டாக்டெஸ்ட் என்ற பைதான் கருவி ஓட்டிப் பார்க்கிறது. பழைய விடைகள் பல அதில் சிக்கின. ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்ஸ் கருவி எச்சரித்தாலே பிழையாகக் கொள்ளும்படியும் வைத்துவிட்டோம். தலைப்பின் கீழே தட்டும் கோடு தலைப்பைவிடக் குட்டையானதற்கெல்லாம் நிற்கிறதே என்று முணுமுணுப்பு உண்டு. உயிர்மெய்க் குறிகளையும் அது தனித்தனியே எண்ணுவதால், தமிழ்த் தலைப்புக்குக் கோட்டைக் கண்ணளவைவிட நீட்டித்தான் போட வேண்டும். கட்டுப்பாட்டைத் தளர்த்துவதாக இல்லை.

பைதான் 3.12இல் நீக்கப்பட்ட யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் பழைய கட்டளைப் பெயர்களை மாற்றியாயிற்று. பைதான் 3.9க்கு அக்டோபரோடு ஆதரவு முடிந்ததால், அடுத்த வெளியீட்டில் நாமும் அதை விடுகிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சாயா, ரசவடைச் செலவு பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேட்கலாம்.

தானியங்கிச் சோதனை இப்போது லினக்ஸில் மட்டும் ஓடுகிறது. வரும் ஆண்டில் விண்டோஸையும் சேர்க்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவை. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வந்தால் நல்லது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்