கரட்டுக்கு மரக்கன்று வேண்டாம், இதைச் செய்து கொடுங்கள்

ஊர்ச் சொந்தங்களுக்கும், திருப்பூர், கோவை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கரட்டுக் குழுவின் வணக்கமுங்க.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். நம் ஊர்க் கரட்டை, அதாவது தனியாக நிற்கிற அந்தப் பாறைக் குன்றை, தீயிலிருந்தும் சீமைக்கருவேலத்திலிருந்தும் காக்கவும் அடிவாரக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்பவும் 3,67,000 ரூபாய் வேண்டும், அதுவும் தை முடிவதற்குள் வேண்டும். மாசி பிறந்தால் மேலே புல் காய்ந்து சரசரக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் ஒரு பீடித்துண்டு போதும்.

போன பங்குனியில் இரண்டு ராத்திரி எரிந்ததே, அந்தப் படம் உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் நாங்கள் ஆறு பேர் மேலே ஏறினோம். சூடு ஆறாத சாம்பலுக்குள் கவுதாரி முட்டைகள் வெந்து கிடந்தன. மேற்குப் பக்கம் மூக்குப் பாறைக்குக் கீழே ஒரு திட்டு இருக்கிறது, சின்ன வயதில் ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கொம்பன் ஆந்தையின் குஞ்சுகள் இரண்டு, இறகு முளைத்தும் முளைக்காத நிலையில், பாறையோடு ஒட்டிக் கிடந்தன. அதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. கூட வந்த ஆட்டுக்காரப் பெரியவர் மட்டும், "கண்ணு, இதுக ரெண்டும் தப்பிச்சிருந்தா உங்க கடலைக்காட்டுல எலி இருக்குமா?" என்றார். இந்தக் குழு அன்றைக்கு அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்துதான் ஆரம்பித்தது.

கொம்பன் ஆந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லியே கல்லெறிந்து வளர்ந்தவர்கள் நாம். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. பாறைத் திட்டில் வெறும் மண்ணில் முட்டை வைக்கும், குளிர்காலத்தில் வைத்தால் வெயில் ஏறுகிற நேரத்தில் குஞ்சு இருக்கும், பொரித்த பிறகும் பல வாரம் அதனால் பறக்க முடியாது. நாம் தீ வைக்கிற காலமும் அது தரையில் உட்கார்ந்திருக்கிற காலமும் ஒன்றாகப் போய்விட்டதுதான் அதன் கஷ்டம். அது தங்குகிற பாறைக்கு அடியில் எலியின் எலும்பும் மயிருமாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும், விழுங்கியதில் செரிக்காததைக் கக்கிவிடுகிறது. ஒரு உருண்டையை உதிர்த்து எலி மண்டையை எண்ணிப் பாருங்கள், அதற்கப்புறம் கல்லெறிய உங்களுக்குக் கை வராது.

காங்கயம் தாராபுரம் பக்கத்து வறக்காட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், சுற்றிலும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் சோளக்காடுமாகச் சமமாகக் கிடக்கிற பூமிக்கு நடுவில் நம் கரடு தனியாக நிற்கிறது. சுற்றி இருந்த பாறையெல்லாம் மழையிலும் வெயிலிலும் உளுத்து மண்ணாகிப் போக, கரையாமல் நின்ற மிச்சம் அது. மேற்கே நீட்டிக்கொண்டிருக்கிற மூக்குப் பாறையில் ஆடி மாதம் நின்றவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று குறுக்கே எதுவும் இல்லாமல் நேராக வந்து அந்தப் பாறையில்தான் மோதுகிற மாதிரி இருக்கும், நிற்க முடியாது. கடலுக்கு நடுவில் ஒரு தீவின் முனை எப்படி நிற்குமோ அப்படி. எங்களுக்கு அது தீவாகவே படுகிறது. கீழே வேலிக்கு நடுவே போன இட்டேரி வண்டித்தடங்களைத் தார் ரோடாக்கிவிட்டோம், கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டோம், அதனால் முயலும் உடும்பும் கீரியும் ஒதுங்க மிஞ்சியிருக்கிற இடம் இந்த அறுபது ஏக்கர்தான்.

மேலே என்ன இருக்கிறது, வெறும் பாறைதானே என்று கேட்கிறார்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு காலையில் ஏறி வாருங்கள். பாறைக் குழிகளில் தேங்குகிற தண்ணீரில் சில நாளிலேயே கண்ணாடி மாதிரி ஒரு சின்ன இறால் நீந்தும், வெயில் காலம் முழுக்க அதன் முட்டை காய்ந்த சேற்றில் கிடந்து, ஈரம் பட்டதும் பொரிக்கிறது. பக்கத்திலேயே தலைப்பிரட்டைகள். பாறை ஒடக்கான் (ஓணான்) ஆண், சேர்க்கைக் காலத்தில், முதுகு செம்மஞ்சளும் விலா கன்னங்கரேலென்றும் நிறம் மாறித் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இன்னொரு ஆண் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். பாறை வெடிப்பில் கல் இச்சி வேர் இறக்கியிருக்கும். விராலி, காரை, சூரை, சதுரக்கள்ளி, பிரண்டை. உங்கள் அமுச்சி தலைக்குத் தேய்த்துவிட்ட அரப்பு, இந்தக் கரட்டு உசிலை மரத்தின் தழைதான். போகியன்று காப்புக் கட்டுகிற ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இங்கிருந்து வந்தவை. பூநோம்பிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு பெண்பிள்ளைகள் ஏறிய வழி இப்போது சீமைக்கருவேல முள்ளால் அடைபட்டுக் கிடக்கிறது, போன தையில் பாதி தூரத்திலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.

வெறும் பாறை என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. அறச்சலூர் மலைக் குகையில் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முந்தைய இசைக் கல்வெட்டு இருப்பதை 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டு சொல்லும் வரைக்கும் வெளி உலகத்துக்கு அதுவும் வெறும் பாறைதான்.

சரி, பணம் எதற்கு? போன முறை வாட்ஸ்அப்பில் கேட்டபோது நிறையப் பேர், "மரக்கன்றுக்குத் தருகிறோம்ங்க" என்றீர்கள். மனசு புரிகிறது, ஆனால் கரட்டில் நாங்கள் இனி மரம் நடப்போவதில்லை. நான்கு வருடத்துக்கு முன் நம் ஊர் இளைஞர்களே சேர்ந்து புங்கனும் வாகையுமாக 300 கன்று வைத்தோம், ஒரு சாண் மண் கூட இல்லாத இடத்தில் குழி தோண்டினோம், கன்று பிழைக்கவில்லை, தோண்டிய இடத்தில் பிடிப்பாக இருந்த புல் வேர் அறுந்து அடுத்த மழையில் மண்ணும் கீழே இறங்கிவிட்டது. கவுதாரிக்கும் முயலுக்கும் வேண்டியது அந்தப் புல்லும் புதரும்தான், நிழல் தோப்பு அல்ல. தீயும் சீமைக்கருவேலமும் இல்லாமல் விட்டாலே உசிலையும் வெள்வேலும் தானாக எழும்பும், தெற்குச் சரிவில் எழும்பிக்கொண்டும் இருக்கிறது.

பெரிய செலவு கிணறுகள். அடிவாரத்தில் தண்ணீர் வற்றிப்போன மூன்று கிணறுகள், சுற்றுச்சுவர் இல்லாமல், விளிம்பு தெரியாத அளவுக்குப் புல் மூடிக் கிடக்கின்றன. போர்வெல் போட்டபின் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மயில், நரி, ஆடு என்று விழுந்துகொண்டே இருக்கிறது, சத்தம் கேட்டு ஓடினால் சில நேரம் எடுக்க முடிகிறது, பல நேரம் நாற்றம் வந்த பிறகுதான் தெரிகிறது. ராத்திரி வருகிற மனுசனும் விழலாம். மூன்று தோட்டத்துக்காரர்களும் சம்மதித்துவிட்டார்கள், மூன்றரை அடிச் சுவர் எழுப்ப 2,10,000 ஆகிறது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி தழைத்துவிடும், வேரோடு எடுக்க வேண்டும், பாறைச் சரிவில் பொக்லைன் ஏறாது, ஏறினாலும் விடமாட்டோம், ஆள் வைத்துக் கையால்தான் எடுக்கப்போகிறோம், அதற்கு 1,20,000. அடிவாரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாமல் தடம் எடுக்க 60,000. மாசியிலிருந்து வைகாசி வரை நான்கு மாதம் காவலுக்கு ஒருவர், மாதம் 12,000 வீதம் 48,000. அந்த ஆட்டுக்காரப் பெரியவரையே கேட்டிருக்கிறோம், அவரை விடக் கரட்டை அறிந்தவர் யார்? மொத்தம் 4,38,000. ஊருக்குள் 71,000 சேர்ந்துவிட்டது.

தீ வைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, நம் சொந்தபந்தம்தான், எரித்தால் மழைக்கு இளம்புல் வரும் என்று ஆட்டுக்காக வைக்கிறார்கள். அவர்களைப் போலீசில் பிடித்துக் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை. பட்டி பட்டியாகப் போய்ப் பேசிவிட்டோம், தடம் எடுக்கும்போது செதுக்குகிற புல்லை அவர்களே அறுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. முயலுக்கும் உடும்புக்கும் கண்ணி வைப்பது வேறு விஷயம், 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அதில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, அண்ணனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும்.

கல்குவாரிப் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எத்தனை கரடு ஜல்லியாகப் போனது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிப் பாறைக் குன்றுகள் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன, 2025இல் நம் கோபிசெட்டிபாளையம் பக்கத்து எலத்தூர் நாகமலைக் குன்றுக்கும் அந்த அறிவிப்பு வந்தது. இங்கேயும் கேட்கலாம். கேட்பதற்கு என்னென்ன உயிர் இருக்கிறது என்ற பதிவேடு வேண்டும், அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மாதம் ஒரு ஞாயிறு நாங்களே எழுதி வருகிறோம், அதற்குக் காசு கேட்கவில்லை.

கணக்கு குழுவின் பெயரில் வங்கியில் இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். எண் வேண்டுமென்றால் ஊர்க் குழுமத்தில் கேளுங்கள், தனியாக அனுப்புகிறோம். ரொக்கமாகத் தருபவர்கள் பொருளாளரின் மளிகைக் கடையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். நூறு ரூபாய் என்றாலும் பெயர் எழுதப்படும், செலவுச் சீட்டு மாதா மாதம் கோயில் மண்டபத்தில் ஒட்டப்படும். ஒரு கிணற்றுச் சுவரை முழுதாக ஏற்றுக்கொள்கிறோம் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் நல்லது, கொத்தனாரிடம் தேதி வாங்க வேண்டும்.

பணம் முடியாதவர்கள் கார்த்திகை கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள். மேல் சுனையில் ஆடிக் காற்று கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக்கை எடுக்கிறோம். தேங்கிய தண்ணீரையும் அடிச்சேற்றையும் கலக்க மாட்டோம், அதனால் மண்வெட்டி வேண்டாம், ஒரு சாக்கும் பழைய செருப்பும் போதும். காலைக்குக் கம்மங்கூழ், மதியம் தக்காளிச் சோறு.