வாக்குத்தத்த அட்டையில் இடம் கிடைக்காத சங்கீதங்கள்

தமிழ்த் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், பிரசங்கிமாருக்கும், ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நம் சபைகள் பலவற்றில் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனத்தை அட்டையில் கொடுப்பது வழக்கம். அதில் வேதாகமப் பாடல்களான சங்கீதங்களுக்கு எப்போதும் பெரிய இடம் உண்டு. 23, 91, 121 தவறாமல் வரும். முழுக்க அழுகையான 88ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. அட்டையை விடுங்கள், பிரசங்க மேடையிலும் அது வருவதில்லை என்பதுதான் என் வருத்தம். சங்கீதத்தை எடுத்தால் தயவுசெய்து முழுசாக எடுங்கள். அழுகிற சங்கீதமாக இருந்தால் அழுகையோடு எடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கேல் சங்கீதங்களை வகை பிரித்தபோது, அவற்றில் அதிகமாக இருப்பது தனிமனிதனின் புலம்பலே என்று காட்டினார். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பாடுவதும் கேட்பதும் ஏறக்குறைய துதி மட்டுமே.

ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்தால் என்ன ஆகும் என்று வேதமே காட்டுகிறது. சோதனையின்போது இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னவன் பிசாசு. தேவதூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்கிற 11, 12ஆம் வசனங்களைச் சொல்லி, ஆலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கச் சொன்னான். வசனம் சரியானதுதான். அதை அவன் பயன்படுத்திய விதம்தான் சோதனை. இந்தச் சங்கீதத்தை வீட்டு வாசலில் மாட்டி வைத்திருக்கிற குடும்பத்தில் விபத்து நடந்தால், அவர்களுக்கு அதை எப்படி விளக்குவீர்கள்? அந்தக் கேள்வியைப் பிரசங்கத்திலேயே எடுத்துப் பேச வேண்டும்.

இன்னொன்று, துக்க வீட்டில் நடப்பது. “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்ற வசனத்தை வாசித்துவிட்டு, அழாதீர்கள், விசுவாசமாயிருங்கள் என்று முடிக்கிறோம். 42ஆம் சங்கீதக்காரன் அதை யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். தன் சொந்த ஆத்துமாவிடம். அதற்கு முன்பே, இரவும் பகலும் கண்ணீரே தனக்கு உணவாயிற்று என்று சொல்லியிருக்கிறான். உன் தேவன் எங்கே என்று கேட்கிறவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை 42:5இல் ஒரு முறை தன்னிடம் கேட்கிறான். உடனே மனம் தேறிவிடவில்லை, மறுபடியும் அலைகள் அவன்மேல் புரண்டுபோகின்றன. 42:11இல் மறுபடியும் கேட்கிறான், 43:5இல் மூன்றாம் முறையும் கேட்கிறான். இந்த இரண்டு சங்கீதங்களும் ஒரே பாடலாக இருந்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் பலரும் கருதுவதற்கு இந்தப் பல்லவியும் ஒரு காரணம். விசுவாசமுள்ள ஒருவனுக்கே தன் மனதோடு மூன்று தடவை போராட வேண்டியிருந்தது. அதில் ஒரு வரியை உருவி, கணவனைப் பறிகொடுத்தவளிடம் கண்டிப்பாக நீட்டுவது அந்தச் சங்கீதத்துக்குச் செய்கிற அநியாயம், அவளுக்கும்தான்.

2017 நவம்பர் கடைசியில் ஓக்கி புயலில் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை. “உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது” என்ற 42ஆம் சங்கீதத்தின் வரியை அந்த மக்களைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? அலைகளை “உமது” என்று கடவுளிடமே சொல்கிற துணிச்சலை வேதம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. நாம் ஏன் அதை அவர்களிடமிருந்து மறைக்க வேண்டும்?

நோயோ நஷ்டமோ வந்தால், ஏதோ பாவம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் பிரசங்கங்களுக்கு 44ஆம் சங்கீதம் போதுமான பதில். இத்தனையும் எங்கள்மேல் வந்தும் நாங்கள் உம்மை மறக்கவில்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை என்று ஜனங்கள் கூடி நின்று முறையிடுகிறார்கள். பவுல் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் எடுத்துக் காட்டுவது இந்தச் சங்கீதத்தைத்தான், அதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்று கேட்கிற இடத்தில்.

எதிரிகளைச் சபிக்கிற சாபச் சங்கீதங்கள் கடினமானவை, ஒத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1970களின் தொடக்கத்தில் தன் அன்றாட ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையைச் சீரமைத்தபோது 58, 83, 109 ஆகிய மூன்றையும் விட்டுவிட்டது. அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனாலும் விடுவதைவிட விளக்குவது நல்லது என்பது என் எண்ணம். பழிவாங்கும் ஆத்திரத்தைக் கையில் எடுக்காமல் கடவுளிடம் கொட்டுகிற ஜெபங்கள் அவை. ஒடுக்கப்பட்டவர்களின் குரல் அதில் இருக்கிறது. ஜெர்மனியில் 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. நாஜிகளை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தருகே அந்தத் தேதியைக் குறித்து வைத்தார். தேசத்திலுள்ள ஆலயங்களையெல்லாம் சுட்டெரித்தார்கள் என்று சொல்கிற வசனம் அது. சங்கீதத்தை அன்றைய செய்தியோடு சேர்த்து வாசிப்பதென்றால் இப்படித்தான்.

சரி, என்ன செய்யலாம்? போதகர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறிமாறி வாசிக்கிற பழக்கம் இருக்கிற சபைகள், நேரம் போதவில்லை என்று நடுவில் வெட்டாமல் முழுச் சங்கீதத்தையும் வாசிக்கட்டும். பாடல் குழுவினரே, எல்லாப் பாட்டும் கைதட்டலில் முடிய வேண்டியதில்லை. அழுகிற பாட்டு ஒன்றும் உங்கள் வரிசையில் இருக்கட்டும். பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தையில் பேசுகிறவர்கள், “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்பதைச் சொன்ன மறு நிமிடமே, அந்தக் கேள்வியோடு தொடங்குகிற 22ஆம் சங்கீதத்தின் வெற்றி முடிவுக்கு ஓடிவிடாதீர்கள். அந்தக் கேள்வியின் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அப்புறம், இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 88ஆம் சங்கீதத்துக்குக் கொடுங்கள். “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிறது. வெளிச்சம் என்று சொல்ல அதில் இருப்பது அந்த அழைப்பு மட்டும்தான். கடைசி வசனத்தில் சிநேகிதனும் தோழனும்கூட விலகிப்போயிருக்கிறார்கள். பிரசங்கத்தை ஆறுதலாக முடிக்க வேண்டுமென்று கடைசியில் வேறொரு வசனத்தை ஒட்டாதீர்கள். அது முடிகிற இடத்திலேயே நீங்களும் முடியுங்கள். அன்று ஆராதனைக்குப் பிறகு உங்களிடம் பேச வருகிறவர்களுக்காக நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
சபையாரில் ஒருவன்