ஒரு குப்பி கடல்நீருக்கு வரிசையில் நிற்கும் துறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல் ஆய்வு நிறுவனம் என்றாலே மீன்வளத்தோடு முடிச்சுப் போட்டு எழுதுவது செய்திகளில் வழக்கமாகிவிட்டது. மீன் அங்கே ஒரு பகுதிதான். கடல் இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல் ஆகிய நான்கும் அடிப்படைத் துறைகள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இவற்றைத் தனித்தனி அறைகளாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கப்பல் தளத்தில் முதல் மூன்று துறையினரும் ஒரே குப்பி நீருக்காக வரிசையில் நிற்பார்கள்.

வேண்டிய ஆழத்தில் மூடி நீர் பிடிக்கும் நிஸ்கின் குப்பிகளை வட்டமாகப் பொருத்திய சட்டத்தைக் கம்பிவடத்தில் இறக்குவார்கள். அதிலுள்ள கருவி வெப்பநிலை, மின்கடத்துதிறன், அழுத்தம் மூன்றையும் அளந்துகொண்டே போகும். உப்புத்தன்மையும் ஆழமும் இவற்றிலிருந்து கிடைக்கும் கணக்கு. சட்டம் மேலே வந்ததும் வாயுக்களை அளப்பவர்கள்தான் முதலில் நீர் பிடிக்க வேண்டும். குப்பியில் நீர் இறங்க இறங்க மேலே காற்று புகுந்துவிடும் என்பதே காரணம். ஊட்டச்சத்துகளுக்கான நீர் பிறகு, உப்புத்தன்மைக்கானது கடைசியில்.

கரைந்த ஆக்சிஜனுக்கு 1888இல் வந்த வின்க்லர் முறைதான் இன்றும் உரைகல். குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, குப்பியளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீரை வழியவிட வேண்டும். உடனே மாங்கனீசுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் நீர்மட்டத்துக்குக் கீழே செலுத்தி, மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெண்மையாகவே நின்றால் அநேகமாக இல்லை. ஆக்சிஜன் வற்றிய ஆழங்களில் ஒரே ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். அந்த ஆழத்தில் எந்த உயிர் வாழும் என்று உயிரியலார் சொல்வதும் அதோடு பிழையாகும்.

உயிரியலாரின் வலையிலும் இதே கதைதான். விலங்கு மிதவையுயிரிகளைப் பிடிக்க 200 மைக்ரான் கண்ணுள்ள வலை பரவலாகப் பயன்படுகிறது. அதன் வாயில் நீரோட்டமானி இல்லையென்றால் எவ்வளவு நீர் வடிகட்டப்பட்டது என்றே தெரியாது; பிடித்த எண்ணிக்கைக்குப் பொருள் இருக்காது. பாதுகாக்க ஊற்றும் பார்மலினில் போராக்ஸ் சேர்க்க மறந்தால் அதன் அமிலத்தன்மை நுண்ணிய சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துவிடும். மாதங்கள் கழித்துத் திறந்து பார்ப்பவர் அந்த உயிரினமே அங்கு இல்லை என்று எழுதிவிடுவார்.

நிலவியலார் கடலடியில் குழாய் இறக்கிச் சேற்றுத்தூண் எடுக்கிறார்கள். எடைகட்டிய குழாய் வேகமாக இறங்கும்போது முன்னே தள்ளப்படும் நீர், மேலே கிடக்கும் மென்சேற்றை ஊதித் தள்ளிவிடும். அண்மைக்காலப் பதிவு இருப்பதே அந்தச் சேற்றில்தான். அதனால் மேற்படிவு வேண்டுவோர் மெதுவாக இறங்கும் பலகுழாய்க் கருவியைத் தேர்வார்கள்.

தானியங்கி மிதவைகள் வந்தபின் கப்பல் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. ஆர்கோ என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் மிதவை 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வருகிறது. அரிய சேவை அது. ஆனால் பெரும்பாலான மிதவைகளை யாரும் மீட்டெடுப்பதில்லை. அவற்றின் உப்புத்தன்மை உணரி காட்டும் அளவு மெல்லப் பிழையாகிப்போனால், கப்பலில் பிடித்த நீரோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும்.

ஆகவே கடல் பற்றிய அளவீடுகளை வெளியிடும்போது ஆழம், நாள், அளந்த கருவி மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்