பழங்கதை ஞாபகம் இருந்தால் மறதிநோய் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

"அம்மாவுக்கு 1964 சூறாவளி அப்படியே ஞாபகம் இருக்கிறது, அவருக்கு மறதிநோயா?" என்று திருகோணமலையில் பல வீடுகளில் கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் நோயை வருடக்கணக்கில் மறைக்கிறது. மறதிநோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியையே முதலில் தாக்கும். பழையவை நெடுநாள் தங்கும். ஆகவே காலையில் என்ன சாப்பிட்டார், நேற்று யார் வந்தார் என்று கேளுங்கள். தேங்காய், சைக்கிள், குடை என மூன்று சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசி, 5 நிமிடம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். இதை வைத்து நோயை முடிவுகட்ட முடியாது, ஆனால் வைத்தியரிடம் போகப் போதுமான காரணம்.

கூடவே இருப்பவருக்கே குறை பிந்தித் தெரிகிறது. காசு எண்ணுவது, அடுப்பை அணைப்பது எல்லாம் நோயாளிக்குப் பதிலாக அவரே செய்துவிடுகிறார். நோயாளி முன்பு தானே செய்து இப்போது கைவிட்ட வேலைகளைத் திகதியோடு எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நோயாளியிடம் மட்டும் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். தன் மறதியை உணராமலிருப்பதும் நோயின் ஒரு பகுதியே. சலரோகக் குளுசையை மறந்து இரண்டாம் முறை போட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்கலாம்; கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

விட்டமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீராகலாம். ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகவோ இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம்: அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முதியோர் பராமரிப்பில் பணியாற்றும் தாதியர் சிலர்,
திருகோணமலை