அன்செலோட்டி மீது நம்பிக்கையும் உண்டு, பயமும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரேசில் கால்பந்து அணிக்கு இத்தாலிக்காரரான கார்லோ அன்செலோட்டி தலைமைப் பயிற்சியாளரானதை ஒரு மானப் பிரச்சினையாகப் பார்த்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடங்களாக மஞ்சள் சட்டைக்காக இரவில் கண் விழிக்கும் ரசிகன் நான். எனக்கும் அவரைப் பற்றிச் சந்தேகங்கள் உண்டு. ஆனால் அவர் எந்த நாட்டுக்காரர் என்பது அந்தச் சந்தேகங்களில் இல்லை.

வெளிநாட்டுப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு எந்த அணியும் உலகக் கோப்பையை வென்றதில்லை என்கிறார் கட்டுரையாளர். உண்மைதான். ஆனால் 2002-இல் கோப்பையை வென்ற பிறகு உள்ளூர்ப் பயிற்சியாளர்களோடு போன பிரேசிலுக்கு என்ன கிடைத்தது? 2006-இல் பிரான்ஸ், 2010-இல் நெதர்லாந்து, 2014-இல் ஜெர்மனி (அந்த 7-1 பற்றிப் பேச வேண்டாமே), 2018-இல் பெல்ஜியம், 2022-இல் குரோஷியா. ஐந்து முறையும் வீட்டுக்கு அனுப்பியது ஓர் ஐரோப்பிய அணி. ஐரோப்பிய ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒருவரைக் கூப்பிட்டதில் என்ன தப்பு? தவிர, பிரேசிலுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. 1965-இல் பல்மெய்ராஸ் கிளப் அணி அப்படியே தேசியச் சட்டையைப் போட்டுக்கொண்டு உருகுவேயை வென்ற ஆட்டத்தில் பயிற்சியாளராக இருந்தவர் அர்ஜென்டினாக்காரர். ஒரே ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அன்செலோட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் ஐந்து கோப்பைகள், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நம்பிக்கை தருவது அவர் ஆட்டக்காரர்களைக் கையாளும் விதம். இளம் பயிற்சியாளராக இத்தாலிய கிளப் பார்மாவில் இருந்தபோது, தன் 4-4-2 அமைப்பில் (தற்காப்பில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) இடமில்லை என்று இத்தாலிய நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோவையே வேண்டாம் என்றவர் அவர். பிறகு யுவென்டஸ் போனதும் ஜிடேனுக்காக அந்த அமைப்பையே மாற்றிக்கொண்டார். மிலானில் நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து, தற்காப்புக்கு முன்னால் நிறுத்தி, அங்கிருந்தே ஆட்டத்தை நடத்த வைத்தார். ஆளுக்கேற்ப அமைப்பு என்பதுதான் அவர் வழி. ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டுமே கூடும் ஒரு தேசிய அணிக்கு, சிக்கலான பாடத்திட்டத்தோடு வருகிறவரைவிட இப்படிப்பட்டவர்தானே பொருத்தம்?

பிரேசிலின் முன்கள ஆட்டக்காரன் வினிசியஸைப் பாருங்கள். கோல் முன்னால் தடுமாறுகிறான் என்று கேலி செய்யப்பட்ட பையன், அன்செலோட்டி 2021-இல் ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பிய பிறகு வேறு ஆளாகிவிட்டான். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலுக்கு எதிரான ஒரே கோல் அவனுடையது. மாட்ரிட் சட்டையில் பார்த்த அந்த வினிசியஸ் பிரேசில் சட்டையில் தொடர்ந்து வந்ததே இல்லை. அவனை வெளியே கொண்டுவர யாராலாவது முடியும் என்றால் இவரால்தான்.

பயமும் இங்கேதான் தொடங்குகிறது. அன்செலோட்டியின் திறமை தினசரிப் பழக்கத்தில் விளைந்தது. காலையில் மைதானத்தில் பார்ப்பது, தோளில் கை போட்டுப் பேசுவது, முகம் வாடியவனைக் கவனிப்பது என்று பத்து மாதம் கூடவே இருந்து செய்கிற வேலை அது. தேசிய அணியில் அதற்கு நேரம் ஏது? 2025 அக்டோபரில் தென் கொரியாவை 5-0 என்று நொறுக்கிய அணி, சில நாட்களில் டோக்கியோவில் ஜப்பானிடம் 2-0 என முன்னிலை பெற்றும் 3-2 எனத் தோற்றது. ஜப்பானிடம் பிரேசில் தோற்றது அதுவே முதல் முறை. ஆட்களை மாற்றிப் பரிசோதித்த ஆட்டம்தான், இருந்தாலும் ஒரு பிழைக்குப் பிறகு மொத்த அணியும் கலைந்த விதம் எனக்கு 2022 குரோஷியா இரவை நினைவூட்டியது. அன்றும் கூடுதல் நேரத்தில் நெய்மர் அடித்த கோலைக் காப்பாற்ற முடியாமல் 117-வது நிமிடத்தில் விட்டுக்கொடுத்தோம். அப்புறம் பெனால்ட்டியில் போயிற்று. முன்னிலையைக் காக்கத் தெரியாத நோய் ஒரு பயிற்சியாளரோடு வந்ததல்ல, ஒரு பயிற்சியாளரோடு போகுமா என்பதும் தெரியாது.

நெய்மர் விஷயத்தில் அன்செலோட்டி உறுதியாக இருப்பது பிடித்திருக்கிறது. உடல் முழுத் தகுதியோடு இருந்தால் இடம், இல்லையென்றால் இல்லை.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை தொடவில்லை: பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு. 2022-க்குப் பிறகு அன்செலோட்டி வருவதற்குள் ரமோன் மெனேசஸ், பெர்னாண்டோ தினிஸ், டோரிவால் ஜூனியர் என்று மூன்று பேர் வந்து போனார்கள். அன்செலோட்டி 2024-இல் வருவார் என்று கூட்டமைப்புத் தலைவர் ஊரறியச் சொன்னார். அவரோ 2023 டிசம்பரில் மாட்ரிட்டோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். ஒருவழியாக 2025 மே மாதம் நியமனம் அறிவிக்கப்பட்ட சில நாட்களில் நீதிமன்ற உத்தரவால் அந்தத் தலைவரே பதவியிழந்தார். பயிற்சியாளர் நிலைப்பாரா என்று கேட்பதற்கு முன் அவரை நியமிப்பவர்கள் நிலைப்பார்களா என்று கேட்க வேண்டிய இடம் அது. தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் பிரேசில் ஐந்தாம் இடத்தில் முடித்ததற்கு ஆட்டக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

முன்வரிசை பற்றி எனக்குக் கவலை இல்லை. வினிசியஸ் இருக்கிறான், எஸ்தெவாவ் பதினெட்டு வயதிலேயே தேசிய அணிக்கு கோல் அடித்தவன். கசெமிரோவைத் திரும்ப அழைத்ததால் நடுக்களத்துக்கும் ஒரு காவல் கிடைத்தது. பக்கவாட்டுப் பின்களம்தான் ஓட்டை. முன்னாள் நட்சத்திரங்கள் கஃபூவும் ராபர்ட்டோ கார்லோஸும் ஓடிய ஓரங்களில் இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. செனகலுக்கு எதிராக மிலிதாவோவை வலப்பக்கம் நிறுத்திப் பார்த்தார் அன்செலோட்டி. அது சரியாகத்தான் இருந்தது. இடப்பக்கம்? 2026 உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் ஆட்டமே மொராக்கோவுடன். அவர்களின் வலப்பக்கப் பின்கள ஆட்டக்காரர் ஹக்கிமி மேலேறி வருகிற பக்கம் அது. அங்கே யாரை நிறுத்தலாம் என்று உங்கள் கட்டுரையாளர் அடுத்த வாரம் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
பிரேசில் ரசிகன் ஒருவன்