கதிருக்கு சேர் வருது, பிரிச்சுப் பாரு

அன்பு மகன் குமாருக்கு அம்மா எழுதுறது.

நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சுகர் இறங்கியிருக்கு, ஆனாலும் ராத்திரி எழுந்து எழுந்து உட்கார்றாங்க. இங்க காத்து மாறிடுச்சு, குற்றாலத்துல சாரல் எப்ப வேணாலும் விழும். நீயும் சுகந்தியும் கதிரும் சுகம்னு நம்புறேன். போன் போட்டா "அப்புறம் பேசுறேம்மா"ன்னு வச்சிடுற. அதான் பெட்டிக்குள்ளயே கடுதாசியை வச்சு அனுப்புறேன்.

பெட்டியில இருக்கிறது கார்னர் சேர், தானா உட்கார முடியாத பிள்ளைக்கு முதுகையும் தோளையும் ரெண்டு பக்கமும் மூலை மாதிரி அணைச்சுத் தாங்குற நாற்காலி. நம்ம ஆசாரி செஞ்சது. பொங்கலுக்கு நீங்க வந்திருந்தப்போ கதிர் தூங்குற நேரம் பார்த்து நூல் பிடிச்சு அளந்து வச்சிருந்தேன். இடுப்பு அகலம், உட்காருற இடத்துல இருந்து தோள் வரைக்கும், முழங்கை உயரம். இதுக்குள்ள வளர்ந்திருப்பான்னுதான் முன்பலகையை ஏத்தி இறக்க மூணு துளை போடச் சொன்னேன். முழங்கை பலகை மேல லேசாப் படியணும், தோள் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. காலுக்கு நடுவுல வர்ற கட்டைக்குப் பஞ்சு வச்சுத் துணி சுத்தியிருக்கேன், கால் ரெண்டும் பின்னிக்காம இருக்கும். காலை நீட்டினா முட்டி மடங்கி இடுப்பு பின்னால சரியுதுன்னா, தனியா வச்சிருக்கிற பலகையை அடியில போட்டு உசத்து. எதுக்கும் முந்தி உங்க பிசியோ மேடத்துகிட்டக் காட்டிடு. எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்னு அவங்களையே கேளு.

இதுக்குப் பதிலா கடையில நல்ல நாற்காலி கிடைக்குமேன்னு நீ கேப்ப. பால்வாடியில பிள்ளைங்க பாயிலதான் உட்காருது. இவனை மட்டும் உசரத்துல வச்சா பக்கத்துப் பிள்ளை முகம் இவனுக்குத் தெரியாது, உருண்டு போற பந்து கைக்கு எட்டாது, எந்தப் பிள்ளையும் இவன் மடியில ஒரு பொருளை வச்சிட்டுப் போகாது. அதனாலதான் தரையோட ஒட்டினாப்ல செய்யச் சொன்னேன். இது வீட்டு மூலையில போடுறதுக்கு இல்ல, தம்பி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுக்கு.

சுகந்தி தம்பி கல்யாண போட்டோ எல்லாம் அக்கா போன்ல பார்த்தேன். உனக்குப் பட்டு வேட்டி நல்லா எடுப்பா இருந்துச்சு. சுகந்தி மெலிஞ்சு போயிருக்கா, கதிரைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலின்னு சொன்னாளே, யார்கிட்டயாவது காட்டினியா? போட்டோ பத்தி இன்னொண்ணு கேக்கணும். பிறகு சொல்றேன்.

பிளே ஸ்கூல்ல "முதல்ல நடக்கட்டும் சார், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொன்னாங்களாம். நீயும் "அவங்க சொல்றதும் நியாயந்தானேம்மா"ன்னுட்ட. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. நடந்தாத்தான் பாட்டுக் கேக்க முடியுமா? நடந்தாத்தான் சிவப்பு எது பச்சை எதுன்னு தெரியுமா? அடுத்த வருஷமும் நடக்கலன்னா அதுக்கடுத்த வருஷம்னு சொல்வாங்க. நம்ம பிள்ளை சரியாகி வரட்டும்னு காத்திருக்கிற இடம் பள்ளிக்கூடமே இல்ல. எந்தப் பிள்ளை எப்படி வருதோ அப்படியே உட்கார வச்சு நடத்துறதுதான் டீச்சர் வேலை. அந்த வேலையிலதான் நான் நரைச்சேன், எனக்குத் தெரியும்.

28 வாரத்துல பிறந்த பிள்ளை. பெருமூளை வாதம்னு சொன்ன அன்னைக்கே டாக்டர் தெளிவாச் சொன்னாரு: மூளையில ஆன பாதிப்பு நாளுக்கு நாள் கூடப் போறதில்ல, ஆனா தசையைக் கவனிக்காம விட்டா இறுகிப் போகும், இடுப்பு மூட்டு விலகக்கூடப் பாக்கும். குலதெய்வக் குத்தம், சாபம்னு யார் பேசினாலும் உன் காதுல ஏறக் கூடாது. தெரபி ஒழுங்காக் கூட்டிட்டுப் போற, அதுல உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா தெரபி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? மிச்ச நேரம் எல்லாம் கட்டில்ல படுத்து போன் பாக்கிறான். இன்னொரு பிள்ளை பிடுங்கினாத்தானே இறுக்கிப் பிடிக்கத் தோணும்? இன்னொரு பிள்ளை கூப்பிட்டாத்தானே சத்தம் குடுக்கத் தோணும்?

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசப் படிப்பு உரிமைன்னு சொல்லுது. 6 வயசுக்கு முந்தின காலத்தை யாரும் கட்டாயமா நினைக்கிறதில்ல. மூளை வளர்ச்சியில 85 சதவீதத்துக்கு மேல 6 வயசுக்குள்ள நடந்திடுதுன்னு 2020 கல்விக் கொள்கையிலயே எழுதியிருக்கு. கதிருக்கு இப்ப மூணரை. சட்டம் வந்து கதவைத் தட்டுற வரைக்கும் நாம உட்கார்ந்திருக்க முடியாது.

நான் அங்கன்வாடி வேலைக்குச் சேர்ந்த காலத்துல எடை போடுறது, சத்து மாவு, தடுப்பூசி, இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. கழுத்து நிக்காத பிள்ளை வந்தா என்ன பண்ணணும்னு எந்தப் பயிற்சியிலயும் வரல. எனக்குக் கண்ணைத் திறந்து விட்டது தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. 1975-ல கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்துல அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ அசைவு போனவரு ராமகிருஷ்ணன் ஐயா. 1981-ல சொந்த ஊரான அங்க மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினாரு. சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே அவர் நடத்துற இடத்தைப் போய்ப் பார்த்த பிறகுதான், பிள்ளையைப் படுக்க வச்சுச் சோறு ஊட்டக் கூடாதுங்கிறதுல இருந்து எல்லாம் எனக்குப் புரிஞ்சுச்சு. 2013-க்கு அப்புறம் ஆர்.பி.எஸ்.கே.ன்னு பிள்ளைங்களைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டத்து டாக்டர் டீம் வருஷத்துக்கு ரெண்டு தரம் மையத்துக்கே வர ஆரம்பிச்சாங்க. சந்தேகம் இருந்தா பெரியாஸ்பத்திரி டி.இ.ஐ.சி.க்கு எழுதிக் குடுப்பாங்க. டாக்டர், தெரபிஸ்ட் எல்லாரும் ஒரே இடத்துல பாக்கிற மையம் அது. உங்க கோயமுத்தூர்லயும் இருக்கு, காசு கிடையாது. 2023 நவம்பர்ல மத்திய அரசு அங்கன்வாடிக்குன்னே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான நெறிமுறை போட்டிருக்கு. கண்டுபிடிக்கிறது, மையத்துலயே சேர்த்துக்கிறது, மேல்சிகிச்சைக்கு அனுப்புறது, மூணும் அதுல இருக்கு. இப்ப நம்ம மையத்தைப் பாத்துக்கிற பிள்ளை கொண்டுவந்து காட்டினா. நான் ஓய்வு பெற்ற பிறகாவது வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேன்.

அதனால சொல்றேன், அந்த பிளே ஸ்கூல் இல்லன்னா போகட்டும். உங்க வார்டு அங்கன்வாடிக்குக் கூட்டிட்டுப் போ. உனக்கு அது கௌரவக் குறைச்சலா இருக்கலாம். அங்கன்வாடிச் சம்பளத்துலதான் நீ படிச்ச, அதையும் நினைச்சுக்கோ.

டீச்சர்கிட்டச் சொல்ல வேண்டியதைத் தனித் தாள்ல பெரிய எழுத்துல எழுதி சேருக்கு அடியில ஒட்டியிருக்கேன். இங்கயும் சொல்றேன், நீயும் தெரிஞ்சுக்கோ. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரணும், தலை பின்னால சாயக் கூடாது, தாடை லேசாக் கீழ பாக்கணும். ஒரு வாய் முழுங்கின பிறகுதான் அடுத்த வாய். சுண்டல் குடுத்தா மசிச்சுத்தான் குடுக்கணும். எதையும் கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும், அவனுக்குப் பதில் வர நேரம் ஆகும். ரெண்டு பொருளைக் காட்டி "எது வேணும்?"னு கேட்டா கண்ணாலயே சொல்லிடுவான், பொங்கலுக்கு வந்தப்போ வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் காட்டிக் கேட்டேன், ஒரு தரம்கூட மாறல. கெட்டிக்காரன். பாட்டு நேரத்துல மணிக்கட்டுல சலங்கை கட்டி விடணும், அவன் முறை வரும்போது எல்லாப் பிள்ளைங்களும் பொறுத்திருந்து கேக்கணும். கரண்டிப் பிடியில துணி சுத்தித் தடிமனாக்கினா பிடிச்சுக்குவான்.

வலிப்பு வந்தா சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறது, வாயில துணி வைக்கிறது, தண்ணி ஊத்துறது எதுவும் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு மணி பாக்கணும். 5 நிமிஷத்துக்கு மேல போனா உடனே ஆஸ்பத்திரி. இதை டீச்சர்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது, ஆயாகிட்டயும் சொல்லு. பயந்து போய்ச் சாவியை எடுக்கிறது அவங்கதான்.

மத்த பிள்ளைங்க "இவன் ஏன் நடக்கல?"ன்னு கேக்கும். கேக்கட்டும். "அவன் கால் இறுக்கமா இருக்கு, உட்கார்ந்து விளையாடுவான், நீ பந்தை அவன் பக்கம் உருட்டு"ன்னு டீச்சர் சொன்னாப் போதும். அதுக்கு மேல பிள்ளைங்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது. பெரியவங்களுக்குத்தான் தேவைப்படுது.

உனக்குச் சேகரை நினைவிருக்கா? சொட்டு மருந்து முகாம் எல்லாம் வர்றதுக்கு முந்தி போலியோ வந்த பிள்ளை. அவங்க அம்மா களை எடுக்கப் போகும்போது திண்ணையில விட்டுட்டுப் போவா, நான்தான் மையத்துக்குத் தூக்கிட்டு வந்தேன். எல்லாரும் வெளிய ஓடினப்போ நீ ஒரு கோணிச் சாக்கை எடுத்து அவனை அதுல உட்கார வச்சு வேப்பமரத்தடி வரைக்கும் இழுத்துட்டுப் போன. நாலு வயசு உனக்கு. யாரும் சொல்லித் தரல. அவனை விட்டுட்டு விளையாடணும்னு உனக்குத் தோணவே இல்ல. என் மேலதிகாரி பார்த்துட்டு "இது யார் பிள்ளை"ன்னு கேட்டாங்க, நான் "என் மகன்"னு சொன்னேன்.

அந்தக் குமார்தானே நீ? அப்ப அந்தக் கல்யாண போட்டோவுல கதிர் எங்கடா? மேடையில நீங்க எல்லாரும் நிக்கிறீங்க, சுகந்தி அக்கா பிள்ளைங்க ரெண்டும் முன்னால நிக்குது. அக்காகிட்டப் பெரிசு பண்ணிக் காட்டச் சொல்லி ஒவ்வொண்ணாப் பார்த்தேன். ஒண்ணுலயும் இல்ல. சுகந்தியைக் கேட்டா "தூங்கிட்டான் அத்தை"ன்னு சொல்றா. அவ குரலே சரியில்ல. யாராவது ஏதாவது சொன்னாங்களா? இல்ல, யாரும் சொல்றதுக்கு முந்தி நீயே ரூம்ல விட்டுட்டு வந்துட்டியா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஆனா அவனுக்குப் புரியும், தம்பி. பேச வராத பிள்ளைக்குப் புரியாதுன்னு நினைக்காதே. ஜனங்க எல்லாம் எங்க போறாங்க, நம்மள மட்டும் ஏன் இங்க விட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும்.

திட்டிட்டேன்னு நினைக்காதே. உன் மனசும் எனக்குத் தெரியும். கம்பெனியில அத்தனை பேரை வச்சு வேலை வாங்குறவன், ராத்திரி எழுந்து பிள்ளைக்குக் காலை நீவி விடுறியாம், சுகந்தி சொன்னா. அதைக் கேட்டு அப்பா அழுதாங்க.

அட்டை விஷயத்தை மட்டும் இனியும் தள்ளிப் போடாதே. யு.டி.ஐ.டி.ங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினாப் பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்னு சொன்னியே, அட்டை இல்லாட்டியும் அவன் கால் அப்படியேதான் இருக்கும். அட்டை இருந்தா கேக்க வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைங்களுக்கு மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட்ல நிராமயான்னு மருத்துவக் காப்பீடு இருக்கு, 1 லட்சம் வரைக்கும் தெரபிச் செலவுக்கும் ஆகும். அதுக்கும் பதிஞ்சு வை.

ஜூன்ல பிள்ளைங்க வர ஆரம்பிச்சதும் முதல் ரெண்டு வாரம் நான் வந்து கதிர் கூட மையத்துல இருக்கேன். டீச்சருக்குச் சேர்ல உட்கார வைக்கிறதும் ஊட்டுறதும் கையோட காட்டிக் குடுத்துட்டு வந்துடுறேன். அப்பாவை அக்கா பாத்துக்குவா, பேசிட்டேன். ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு டிக்கெட் போடு, கீழ்ப் படுக்கையாப் பாரு, மேல ஏற என் முட்டி விடாது. பெட்டியில அரிசி முறுக்கும் இருக்கு, அது உங்க ரெண்டு பேருக்கு. கதிருக்குக் குடுத்துடாதீங்க, தொண்டையில சிக்கும். அவனுக்குக் கருப்பட்டி தனியாப் பொட்டலம் கட்டியிருக்கேன், பால்ல கரைச்சுக் குடு.

அன்புடன்
அம்மா